காரைச் சூடாக்கப் போனவர்

2006 பெப்ரவரி 18ஆம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்று இருபதுக்குக் கீழ்வீட்டு மாமா தன் காரின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடித்து மூடினார்.

"இதை நீ வைச்சிரு, பிள்ளை. நான் கேட்டாலும் தராதை."

"கேட்டா எப்பிடி மாமா தராம விடுறது?"

"தராதை எண்டா தராதை."

நாங்கள் நின்றது மொன்றியல் நகரின் நடுப்பகுதியில், ஒரு தேவாலயத்தின் வாசலில். அது எங்கள் கத்தோலிக்கக் கோயில் அல்ல. இரண்டு ஆண்களுக்குத் திருமணம் செய்துவைக்கச் சம்மதித்த வேறொரு சபையின் கோயில். இரண்டு மணிக்கு அங்கே அவருடைய ஒரே மகன் ஜெறோமுக்கும், மத்தியூ என்ற கியூபெக் இளைஞனுக்கும் திருமணம். விருந்தினரை வரவேற்பதற்காகப் படியில் நின்றிருந்த ஜெறோம் திறப்பு கைமாறியதைப் பார்த்தான். பார்த்துச் சத்தமாகச் சிரித்தான். "அப்பா, உங்கட வாழ்க்கையில செய்த நல்ல வேலை உதுதான்" என்றான்.

மாமாவைத் தெரிந்த எவருக்கும் அந்தச் சிரிப்பின் காரணம் விளங்கியிருக்கும்.

வில்லரேயில் ஒரு மூன்றடுக்கு வீட்டில் நாங்கள் மேல்தளத்திலும் அவர்கள் கீழ்த்தளத்திலும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தோம். உறவு ஒன்றுமில்லை. மன்னாரிலிருந்து வந்த அவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்களும் ஒரே கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள், அவ்வளவுதான். அவர்கள் இப்போது லாசாலில் இருக்கிறார்கள். ஆயினும் குளிர்காலத்தில் தெருவில் ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும் எந்தக் காரைக் கண்டாலும் என் கண்கள் அவரைத் தேடுகின்றன.

மாமாவுக்குச் சடங்குகள் பிடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வாக்கியம் துல்லியமானதல்ல. கலியாணங்கள் அவருக்கு மிகவும் பிடிக்கும். முதல்நாள் மண்டபத்தில் கதிரை அடுக்குவது அவர். சோற்றுக் கிடாரத்தைத் தூக்கி இறக்குவது அவர். எல்லாம் முடிந்தபின் வயதானவர்களை வீடுவீடாகக் கொண்டுபோய் இறக்குவதும் அவர். ஹோட்டல்களுக்கு வெளுத்த துணி விநியோகிக்கும் வான் ஓட்டுநர் என்பதால் அவருக்குத் தெரியாத தெருவில்லை. அவரால் தாங்க முடியாதது நடுவில் வரும் அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. குருவானவர் புத்தகத்தைத் திறந்ததும் அவர் எழுந்துவிடுவார்.

"காரைச் சூடாக்கிப்போட்டு வாறன்."

குளிர்காலத்தில் இதுதான் அவருடைய வாசகம். கோடையில், "உந்தப் பக்கம் ரெண்டு மணிக்குப் பிறகு காரை நிப்பாட்டேலாது, பாத்திட்டு வாறன்." மொன்றியலில் இந்த இரண்டு காரணங்களையும் மறுத்துப் பேச எவராலும் முடியாது. அவர் திரும்பி வரும்போது தாலி கட்டி முடிந்திருக்கும்; அல்லது பெட்டி குழிக்குள் இறங்கியிருக்கும்; அல்லது பிள்ளையின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் காய்ந்திருக்கும். "பாதர் புத்தகத்தைத் திறந்தா இவர் காரைத் திறப்பார்" என்று பங்கில் ஒரு பகிடி இருந்தது. அதற்கு முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

அவர்களுடைய கலியாண அல்பத்தில் ஒரு படம் உண்டு. பீடத்தின் முன்னால் குருவானவர் கைகளை விரித்து நிற்கிறார். மாமி கூறைச் சேலையில், தலை குனிந்து, தனியாக நிற்கிறார். மணமகன் இல்லை. வெளியே வாடகைக் கார்க்காரனுடன் ஏதோ பேசப் போயிருந்தாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரித்துக் காட்டுவார். "இஞ்ச பாருங்கோ, நான் பாதரைத்தான் கட்டினனான்" என்பார். அறை முழுவதும் சிரிக்கும். மாமா தேநீர்க் கோப்பையோடு சமையலறைக்குள் நழுவிவிடுவார்.

இதைவிடப் பெரிய கதை குடியுரிமை கிடைத்த நாளுடையது. சத்தியப்பிரமாணத்துக்காக எல்லோரும் வலது கையை உயர்த்திய வேளையில், மாமா கீழே கார் நிறுத்துமிட மீற்றருக்குக் காசு போட இறங்கிப்போயிருந்தார். மாமியும் ஜெறோமும் அன்றே கனடியர்களானார்கள். இவர் இன்னொரு நாளைக்காகப் பல மாதங்கள் காத்திருந்தார். "அந்தக் கோடை முழுக்க நான் ஒரு அகதியோடதான் குடும்பம் நடத்தினனான்" என்பது மாமியின் கணக்கு.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார். என் தந்தையிடம், மெழுகுதிரி வாசம் தலையிடி தருகிறது என்றார். மாமியிடம், கழுத்துப்பட்டி இறுக்குகிறது என்றார். ஒருநாள் பின்படியில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே என்னிடம் சொன்னார்: "எல்லாரும் ஒரே நேரத்தில ஒரு ஆளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருப்பினம், பிள்ளை. அந்தாள் அதுக்கேத்த முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கவேணும். எனக்கு அப்பிடி ஒரு முகம் இல்லை."

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கத் தொடங்கியிருந்தேன். பிறர் எழுதிவைத்ததை ஆயிரம் பேர் திருப்பிச் சொல்வதில் என்ன உண்மை இருக்க முடியும் என்று எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது. ஆகவே பூசையின்போது அவர் பின்கதவடியில் நிற்கையில் நானும் அவருக்கு அருகில் நிற்பேன். அவர் தெருவைப் பார்த்திருப்பார். நான் அவரைப் பார்த்திருப்பேன்.

ஜெறோம் என்னைவிட ஆறு வயது மூத்தவன். பள்ளிக் காலத்தில் பூசைக்கு உதவியவன். வெள்ளை அங்கி அணிந்து, மணியடிக்க வேண்டிய கணத்துக்காகக் குருவானவரின் கையையே பார்த்துக்கொண்டு முழந்தாளில் இருப்பான். தகப்பன் வெளியே நிற்கும்போதெல்லாம் மகன் உள்ளே அந்த மணியடியில்தான் இருந்தான். மத்தியூவைப் பற்றி அவன் வீட்டில் சொன்ன மாலையில், மாமி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாராம். மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அந்தப் பெடியனுக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

"இல்லை அப்பா. சைக்கிள்தான்."

"பனிக்கையுமோ?"

"ஓம், பனிக்கையும்."

"விசரன்" என்றாராம் மாமா. அடுத்த வாரம் மத்தியூவின் சைக்கிளுக்கு நல்ல விளக்கொன்று வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

திருமணம் என்ற பேச்சு வந்தபோதுதான் அவர் கலங்கினார். "கோர்ட்ஸில போய்க் கையெழுத்து வைச்சாக் காணாதே, மோன்? அஞ்சு நிமிஷ வேலை. நான் முழுக்க நிப்பன்."

"கோயிலில்லாத கலியாணம் எனக்குக் கலியாணமில்லை, அப்பா. எங்கட கோயில் செய்யாது. செய்யிற கோயில் ஒண்டைக் கண்டுபிடிச்சிருக்கிறன்."

"பாட்டு, புத்தகம் எல்லாம் இருக்குமோ?"

"எல்லாம் இருக்கும்."

மாமி வரப்போவதில்லை என்பது உறுதியாயிற்று. அவர் கொடியவர் அல்லர், பயந்தவர். ஒரு மாலை நான் அவர்களுடைய சமையலறையில் இருந்தபோது, லாசாலில் இருக்கும் தன் தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாங்கள் போகேல்லை. அவருக்குத்தான் உதுகள் ஒத்துக்கொள்ளாதெண்டு உனக்குத் தெரியுந்தானே. தன்ர கலியாணத்திலயே நிக்காத மனிசன், இதுக்கோ போய் நிக்கப்போறார்?" சொல்லிவிட்டு வழக்கம்போல் சிரிக்க முயன்றார்.

வாசலில் மாமா நின்றிருந்தார். "இஞ்சேரும், என்ர காலில பழியைப் போடாதேயும்" என்றார்.

"பின்னை சனத்துக்கு என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்?"

"நான் போறன்."

"போவியள்" என்றார் மாமி. "இருப்பியளோ?"

அத்தனை ஆண்டுப் பகிடி அந்தச் சமையலறையில் செத்துப்போனது. மாமா என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

அதே வாரம் ஜெறோம் என்னைப் பல்கலைக்கழக வாசலில் சந்தித்து, தகப்பனுக்குப் பக்கத்தில் என்னை இருக்கச் சொன்னான். "அப்பா எல்லாற்ற கலியாணத்திலயும் எழும்பிப் போறவர். என்ரயிலயும் எழும்பிப் போனார் எண்டு வை. அது பழக்கத்தில போனதோ, என்னைப் பாக்க வெக்கப்பட்டுப் போனதோ? எனக்கு அது ஒருநாளும் தெரியாமப் போயிடும். அவரைக் கேட்டாலும் காரைத்தான் சொல்லுவார்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஒரு மணித்தியாலந்தான். பிடிச்சு வைச்சிரு."

ஒரு மனிதரை எப்படிப் பிடித்துவைப்பது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவ்வாறெல்லாம் கேட்க வராது.

அந்தச் சபையின் போதகர் ஓர் உயரமான பெண். திருமண வாக்குகளுக்கு முன்னால் இரண்டு குடும்பங்களையும் எழுந்து நிற்கச் சொல்லி, இவர்களுக்குத் துணை நிற்பீர்களா என்று கேட்பார். குடும்பத்தார் பதில் சொல்ல வேண்டும். மாமா அதைத் தமிழிலேயே சொல்லலாம் என்று ஜெறோம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தான். ஆகவே மாமாவுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது: "ஓம், நான் நிப்பன்." இரண்டு வாரங்கள் அதை அவர் பழகினார். பின்படியில் பனி தள்ளும்போது ஒவ்வொரு தள்ளுக்கும் ஒருமுறை சொல்வார். மேலே என் மேசையிலிருந்து எனக்குக் கேட்கும். சில வேளை உரக்க, சில வேளை யாரையோ மிரட்டுவதுபோல, ஒருமுறை மட்டும் மிகத் தாழ்ந்த குரலில். மகனிடம் நேரில் சொல்ல இருபத்தேழு ஆண்டுகளில் அவருக்கு வாய்க்காத ஒன்றை, யாரோ எழுதிவைத்த ஒரு புத்தகம் அவருடைய வாயில் எடுத்து வைக்கப்போகிறது என்று அந்த நாட்களில்தான் எனக்கு முதன்முதலாகத் தோன்றியது. அவருக்கும் அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் திறப்பைத் தந்திருக்க மாட்டார்.

உள்ளே வலப்பக்கத்து நீண்ட மர வாங்குகளை மத்தியூவின் உறவினர் நிறைத்திருந்தனர். இடப்பக்கத்தில் முதல் வாங்கில் மாமாவும் நானும்; எங்களுக்குப் பின்னால் ஜெறோமுடன் வேலை செய்யும் மூவர்; அதற்கப்பால் வெறும் மரம். மாமா தன் குளிர்க்கோட்டையும் கழற்றி மடித்து என் மடியில் வைத்தார். "இதுவும் உன்னட்டை இருக்கட்டும். வெளியில இருபது பாகை குளிர். கோட்டில்லாம எங்கை போறது?" என்று கண்ணைச் சிமிட்டினார். எல்லா வழிகளையும் அடைத்துவிட்டவரின் திருப்தி அதில் இருந்தது.

ஓர்கன் ஒலித்தது. போதகர் புத்தகத்தைத் திறந்தார்.

மாமாவின் முழங்கால்கள் அசையத் தொடங்கின. கைகளை அவற்றின்மேல் வைத்து அழுத்தினார். முதலாவது பாட்டின் நடுவில் அவருடைய இடக்கை எங்களுக்கிடையே வாங்கின்மேல் வந்து, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து கிடந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சட்டைப்பைக்குள் திறப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். சிறிது நேரத்தின் பின் அவர் தலையசைத்தார், நான் சரியாகச் செய்துவிட்டேன் என்பதுபோல. கை திரும்பிப் போனது. வாசகம் ஒன்று படிக்கப்பட்டது. அவர் இருந்தார். இன்னொரு பாட்டு. அவர் இருந்தார். நான் கொஞ்சம் மூச்சுவிட்டேன்.

போதகர் குடும்பங்களை எழுந்து நிற்கும்படி கேட்டார்.

எல்லோரும் எழுந்தோம். மாமாவும் எழுந்தார். அவர் எழுந்ததைக் கண்ட ஜெறோமின் முகம் விரிந்தது. பூசையில் மணியடிக்கக் காத்திருந்த அதே முகம். அந்தச் சிரிப்பு இன்னும் அங்கே இருக்கையிலேயே மாமா திரும்பி நடுவழியில் நடக்கத் தொடங்கினார். எழுந்து நிற்க வைத்ததுதான் பிழை. வாங்கில் இருந்தபடியே விட்டிருந்தால் இருந்திருப்பார், நின்ற கால்களுக்குத் தெரிந்தது ஒரு வழி மட்டுமே. உப்பும் ஈரமும் ஊறிய அவருடைய சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் கீச்சிட்டது. பெரிய கதவு திறந்து மூடியது.

துணை நிற்பீர்களா என்று போதகர் கேட்டார். வலப்பக்கம் ஒரே குரலில் பிரெஞ்சில் பதில் சொன்னது. பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். அந்த வாங்கில் நான் மட்டும் நின்றேன், அவர்களுடைய இரத்தத்தில் ஒரு துளியும் இல்லாதவள், கையில் ஒரு கிழவரின் கோட்டுடன்.

"ஓம், நிப்பம்" என்றேன்.

என் குரல் எவ்வளவு தூரம் போனதோ தெரியாது. ஜெறோம் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியூ அவனுடைய கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

நான் வெளியே போனேன்.

மாமா காரடியில் நின்றார். காலையில் விழுந்த பனியைத் தன் கோட்சூட்டின் கையால் கண்ணாடியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார். பனி தட்டும் தூரிகை பூட்டிய காருக்குள் இருந்தது. கண்ணாடி முழுவதும் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. ஆயினும் துடைத்தார். அவருடைய குளிர்க்கோட்டை அவர் தோளில் போட்டேன்.

"கால் வந்திட்டுது, பிள்ளை" என்றார். "நான் வரேல்லை."

"உள்ள வாங்கோ, மாமா. இன்னும் முடியேல்லை."

"இப்ப போனா எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பினம். அவன்ர நாளில அவனையெல்லோ பாக்கவேணும்." பிறகு கேட்டார்: "அந்த இடம் வந்ததே?"

"வந்தது."

"ஆர் சொன்னது?"

"நான் சொன்னனான்."

"சத்தமாச் சொன்னனியே?"

"ஓரளவுக்கு."

அவர் தலையசைத்தார். உதடுகள் அசைந்தன. அந்த வாக்கியத்தைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பூட்டிய காரின் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வாசித்தறிந்த வாக்கியங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்த நடைபாதையில் நிற்கவில்லை. கதவைத் திறந்து அவரைத் தள்ளிக்கொண்டு போகவும் முடியவில்லை. அவரை விட்டுப் போகவும் முடியவில்லை.

மணி ஒலித்தது. கதவுகள் திறந்தன. ஜெறோமும் மத்தியூவும் கைகோத்துப் படியிறங்கி, கூட்டத்தைக் கடந்து, நேரே எங்களிடம் வந்தார்கள். மாமா நிமிர்ந்து நின்றார். நான் உள்ளூர மன்றாடினேன், இப்போதாவது சொல்லட்டும் என்று.

"குளிர்தானே, மோன்" என்றார் மாமா. "காரைச் சூடாக்குவம் எண்டு..."

ஜெறோம் காரைப் பார்த்தான். எஞ்சின் ஓடவில்லை. என் கையைப் பார்த்தான்.

"திறப்பை இவளிட்டையெல்லோ குடுத்தனீங்கள், அப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மாமாவுக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். மத்தியூ, ஒன்றும் விளங்காமலோ எல்லாம் விளங்கியோ, குனிந்து மாமாவின் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டான். மாமா அவனுடைய முழங்கையைப் பிடித்தார், நெடுநேரம் விடவில்லை. பிறகு, "சாப்பாட்டுக்குப் பேந்து வாறன்" என்று சொல்லிவிட்டு, காரையும் திறப்பையும் விட்டு, மெத்ரோ நிலையத்தை நோக்கி நடந்தார். அந்தக் காரில்தான் மணமக்களை விருந்துக்கு அழைத்துப் போவதாக இருந்தது. அவர்கள் மத்தியூவின் தாயாருடைய காரில் ஏறினார்கள்.

எந்தக் கலியாணத்திலும் சாப்பாட்டுக்குத் தவறாதவர் அன்று சாப்பாட்டுக்கும் வரவில்லை. விருந்தின் நடுவில் ஜெறோம் என் பக்கத்தில் வந்து இருந்தான். நான் எனக்குத் தெரிந்த ஒரே சாட்சியைச் சொன்னேன்.

"அண்ணை, உங்கட அம்மாவின்ர அல்பத்தில அந்தப் படம் இருக்கெல்லோ. மாமா ஆரையும் விட்டுப்போட்டுத்தான் போறவர். வெக்கத்தில இல்லை. கால் வந்திட்டுது, நான் வரேல்லை எண்டு எனக்குச் சொன்னவர்."

"உனக்குச் சொன்னவர்" என்றான் ஜெறோம். கோப்பையை மேசையில் சுற்றினான். "அந்தப் படத்தை அம்மா சிரிச்சுச் சிரிச்சுக் காட்டுவா. இதை நான் ஆருக்கு, எப்பிடிச் சிரிச்சுச் சொல்லுறது?"

நான் சொன்னது உண்மை. ஆனால் அது என் வாயிலிருந்து வந்ததால் அவனுக்கு எந்தப் பயனும் இருக்கவில்லை.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, திறப்பு என் சட்டைப்பையிலேயே இருந்தது. அந்தத் தெருவில் பனி அள்ளப்போவதாக முதல்நாள் மாலையில் அறிவிப்புப் பலகை நட்டிருந்ததை நான் கண்டிருந்தேன். எடுக்காவிட்டால் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். படியிறங்கிக் கீழ்வீட்டுக் கதவடியில் திறப்பைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மெத்ரோவில் ஏறித் தேவாலயத் தெருவுக்குப் போனேன். மூலையிலிருந்த சிறுகடையின் தொலைபேசியிலிருந்து முதலில் கீழ்வீட்டுக்கு எடுத்தேன். மாமி எடுத்தார். "விடியத் தொடக்கம் யன்னலடியில நிக்கிறார், பிள்ளை. ஒண்டும் கதைக்கிறாரில்லை" என்றார். கார் இங்கே நிற்கிறது, எனக்கு ஓட்டத் தெரியாது, மாமா வரவேண்டும் என்றேன். பிறகு ஜெறோமுக்கு எடுத்தேன். கார் இங்கே நிற்கிறது, எனக்கு ஓட்டத் தெரியாது, நீங்கள் வரவேண்டும் என்றேன். ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொல்லவில்லை.

இரவில் விழுந்த பனியைத் தட்டினேன். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் இருந்து, அவர் செய்ய நூறுமுறை பார்த்திருந்தபடியே திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்தது. வெப்பக் குமிழை முழுவதும் திருப்பி வைத்தேன். தேவாலயத்துக்குள் ஞாயிறு ஆராதனை தொடங்கியிருந்தது; பாட்டுக் கேட்டது. தெருவின் இரு முனைகளிலும் இன்னும் ஒருவரும் இல்லை. கண்ணாடியின் அடியில் பனி உருகத் தொடங்கியதும் நான் இறங்கி, முன்னிருக்கைகள் இரண்டையும் அவர்கள் இருவருக்குமாக விட்டுவிட்டு, பின்னிருக்கையில் போய் இருந்துகொண்டேன்.